சமையலறைக்கு ஒரு ஏசி

"சமையலறைக்கா? சுவர்ல மாட்டுற ஏசிதான் சார் நல்லது. சத்தமே இருக்காது," என்றார் கடைக்காரர்.

"எப்போ மாட்டுவீங்க?"

"நாளைக்கு ஆள் வருவாங்க."

"அப்போ சக்கரம் வச்ச, உருட்டிட்டுப் போற ஏசியே போதும். சாயங்காலம் மாமியார் முதல் தடவையா வீட்டுக்கு வர்றாங்க."

"மாமியார்னா அவ்வளவு பயமா சார்?"

"புதுசு வேண்டாம். கடையில பார்வைக்கு வச்சு அழுக்கானது இருந்தா கொடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன கோடையில் மனைவி கேட்டபோது, தண்டச் செலவு என்று சொல்லிவிட்டேன். அவளோ தன் அம்மாவிடம், நான் வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

அது எனக்குத் தெரிந்ததே, அவர்கள் ஊரில் அவளை அடக்கம் செய்த அன்றுதான்.

"அடுப்படியிலகூட என் பொண்ணை வேர்க்க விடாதவர் எங்க மாப்பிள்ளை," என்று, என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னார்.