நீலச் சட்டைக்காரரின் விரல்

“அளவு தெரியாம மோதிரம் எப்படிம்மா எடுக்கிறது?” என்றார் மோதிரக் கடைக்காரர்.

தையல்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இருக்காதா பின்னே? பதினெட்டு வருஷமாகக் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரையே அளந்தவள். அந்த மனுஷனுக்குக் கழுத்து பதினைந்தரை, தோள் பதினெட்டு, மணிக்கட்டு ஏழு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறக்கம் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். அவரைப் பெற்றவளுக்காவது தெரியுமோ என்னவோ.

ஆனால் எந்தத் தையல்காரி சட்டை தைக்க விரலை அளந்திருக்கிறாள்?

அவருடைய பெயரை அவள் நோட்டில் எழுதியதே இல்லை. முதன்முதலில் தைத்துக் கொடுத்தது ஒரு நீலச் சட்டை. அப்புறம் வெள்ளை, கட்டம், கோடு என்று எத்தனையோ தைத்தாகிவிட்டது. நோட்டில் மட்டும் ஏழு வருஷமாக ‘நீலச் சட்டை’தான்.

“அவரையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே?”

“கேட்டா குட்டு உடைஞ்சிடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூச்சு விடக் கூடாது.”

கடைக்காரர் எல்லாம் புரிந்தவர்போலச் சிரித்தார். நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு முகம் இப்படிச் சிவந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

நுனியில் மெலிந்து அடியில் பருத்த ஓர் அளவுக் கம்பியை எடுத்து அவள் முன் வைத்தார். உடம்பெல்லாம் கோடும் எண்ணுமாக இருந்தது.

“குத்துமதிப்பா காட்டுங்க. மோதிரம் விரல் முட்டியைத் தாண்டும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கணும். தாண்டிட்டா, போட்டிருக்கிறதே மறந்துபோற மாதிரி உட்காரணும். அதாம்மா சரியான அளவு.”

அவள் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வலது கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கம்பியின் நுனியைப் பொத்திப் பிடித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். சட்டை வாங்க வந்தவர், கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல், துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக் கூர் பார்த்தார். இடது கை மோதிர விரல். ரத்தம் குபுகுபு என்று வந்தது. இத்தனை துணிக்கு நடுவில் அவசரத்துக்கு ஒரு துண்டுத் துணி கையில் அகப்படவில்லை. அவள் பாய்ந்து போய் அந்த விரலைத் தன் கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டாள்.

தையல் மெஷின் மேல் பாதி தைத்த சட்டைக் கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய விரலுக்குள் நாடி துடிப்பது அவளுடைய உள்ளங்கைக்குக் கேட்டது.

“நின்னுடுச்சா?” என்று கேட்டார் அவர்.

“இன்னும் இல்ல” என்றாள்.

நின்று வெகுநேரமாகியிருந்தது. ஏழு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். சட்டை நாளைக்குத் தயாராகிவிடும் என்று எல்லாத் தையல்காரர்களும் சொல்லும் பொய்யைக்கூட அவரிடம் சொன்னதில்லை.

அந்தக் கால் மணி நேரத்துக்காக மனசு இன்னமும் ஏங்குகிறது. என்ன செய்ய? மனசுக்கு யார் அளவெடுத்துத் தைப்பது?

கை கம்பியில் மெல்ல மேலேறியது. இல்லை, இது மெலிசு. இன்னும் கொஞ்சம். இதுவும் இல்லை. ஓர் இடத்தில் கை தானாகவே நின்றது. உள்ளங்கை நிறைந்துவிட்டது.

கண்ணைத் திறந்தாள். “இந்த இடம்தாங்க.”

கடைக்காரர் குனிந்து கோட்டைப் பார்த்தார். “இருபத்தொண்ணு. எதுக்கும் ஒரு சைஸ் கூட்டி இருபத்திரண்டா எடுத்துக்குங்களேன். இறுக்கமா போயிட்டா நாலு பேர் நடுவுல சங்கடம்.”

அவள் கம்பியில் அந்தக் கோட்டை விரலால் தடவினாள்.

ஒரு சைஸ் கூடினால் லூசாக இருக்கும். கை கழுவும்போது வழுக்கும். ஒரு நாள் நழுவிப் போய் எங்காவது உருண்டுவிடும். யார் மேலும் குற்றம் இல்லை. தேடினாலும் கிடைக்காது.

சே, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“வேணாங்க. கழண்டு விழக் கூடாது. இருபத்தொண்ணே குடுங்க.”

கடைக்காரர் அந்த அளவில் ஒரு மோதிரத்தை எடுத்து வைத்தார். மெல்லியது. ஓரம் குத்தாமல் உள்பக்கம் வழவழப்பாக இருந்தது. அவள் அதை விரலில் போட்டுப் பார்க்கவில்லை. தொட்டதோடு சரி.

“உள்பக்கம் உங்க பேரைப் பொறிச்சிடலாம்மா. எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தாள். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“நல்ல பேரு. உங்களுக்குப் பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க.”

“என் பேரு இல்லீங்க, என் தங்கச்சி பேரு. அவதான் ஞாயித்துக்கிழமை நிச்சயத்துல அவருக்குப் போட்டுவிடப் போறா.”

காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே அந்தத் தங்கைதான் அவளைக் கடைக்குத் துரத்தியிருந்தாள்.

“நான் போய் என்னக்கா பண்ணப் போறேன்? அவரோட அளவெல்லாம் உனக்குத்தானே தெரியும்.”