என்னுடையது அல்ல

டாலர் நோட்டைச் சாட்சிக் கூண்டில் நின்ற அவர் கையில் கொடுத்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?" அரசு வக்கீல் கேட்டார்.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மெர்சி போட்டது. அவர் மனைவி.

இங்கிலாந்தோடு போர். படைக்குச் சம்பளம் கொடுக்க அமெரிக்கக் கருவூலம் நோட்டாக அடித்துத் தள்ளுகிறது. ஒவ்வொன்றிலும் அதிகாரி தன் கைப்படக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

அவர்தான் அந்த அதிகாரி. அதற்கு முன் வக்கீல். பனிக்காலத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நோட்டுக் கட்டுகளோ வந்துகொண்டே இருந்தன. "குடுங்க, நான் போடுறேன்" என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாதியை அவள் போட்டுக் கொடுத்தாள். நன்றாகத்தான் போட்டாள். ஒன்றிரண்டு பிசகியிருக்கிறது.

அதில் ஒன்று, இதோ குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாரே ரொட்டிக்காரர் ஆபெல், அவர் கல்லாவில் கிடந்ததாம்.

கள்ளநோட்டுக்குத் தூக்கு. நோட்டிலேயே அச்சடித்திருக்கிறது.

என்னுடையதுதான் என்று சொல்லித் தொலைக்கலாம். பைபிள்மேல் கை வைத்தாயிற்று. அதுகூடப் போகட்டும், அவருடைய அசல் கையெழுத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் யார் போட்டது என்று கேட்பார்கள். கேள்வி வீடுவரை வரும். அதிகாரியின் கையெழுத்தை இன்னொருவர் போட்டாலும் அதே தூக்குதான். பெண் என்று பார்க்கமாட்டார்கள்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். எத்தனை சாட்சிகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்த பாடம்.

"என்னோடது இல்ல."

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆபெல் அவரைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"ஐயா பொய் சொல்ற ஆள் இல்ல. எவனோ என்னைய ஏமாத்திட்டான்."

பாவி மனிதர், திட்டியாவது இருக்கலாம்.

வீட்டில் மெர்சி அவர் கோட்டை வாங்கி மாட்டினாள்.

"அந்த ரொட்டிக்காரர விட்டுட்டாங்களா?"

"இல்ல. வெள்ளிக்கிழமை தூக்கு."

"ஐயோ பாவம். நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையத்தான் சொன்னேன்."

அவள் நம்பினாள். பெருமூச்சுவிட்டாள். மேசைமேல் புதுக் கட்டு வந்திருந்தது. பிரித்து, பாதியைத் தன் முன்னால் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

ஏன் என்று கேட்பாள்.

மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.