திறப்பின் மேல் நின்றவள்

எஸ்கிலின் ஒரு கால் கப்பல் சரக்கறையின் திறப்புக்குள் போய்விட்டது.

மாய்கென் ஓடி வந்து இடது கையால் அவன் காலரைப் பிடித்தாள். வலது கையிலிருந்த வாக்கி டாக்கியால் ஏணியைப் பற்றியிருந்த அவன் விரல்கள் மேல் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பிடி விட்டதும் அவனை மேல்தளத்தில் இழுத்துப் போட்டாள்.

கீழே, ஐந்து மீட்டர் ஆழத்தில், ஏணியின் முதல் தட்டில் தூரே கிடந்தார். மேலிருந்து பார்த்தால் மஞ்சள் தலைக்கவசமும் ஒரு தோளும் மட்டும் தெரிந்தன. அசைவில்லை.

தூரே, எஸ்கிலின் அப்பா.

லாட்வியாவிலிருந்து வந்து அந்த ஸ்வீடன் துறைமுகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள் அது. அவர்கள் பேச்சு பாதிதான் புரியும். அப்பனும் மகனும் யாரென்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, இருவருக்கும் ஒரே மூக்கு. மாய்கெனைப் பற்றி கிரேன் ஓட்டும் ஸ்டிக் முதல் நாளே எச்சரித்திருந்தான். சரக்கறைக்குள் யார் இறங்கலாம், எப்போது இறங்கலாம் என்று சொல்வது அவள் வேலை. அவளிடம் வாய் கொடுக்காதே, கேப்டன்கூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார் என்றான்.

கப்பல் நிறைய மரத்தூளை அழுத்திச் செய்த எரிதுண்டுகள். பார்க்க மாட்டுத் தீவனம் மாதிரி சாதுவாக இருக்கும். மூடிய அறையில் இரண்டு வாரம் கிடந்தால் காற்றிலுள்ள பிராணவாயுவில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். வாசனை இருக்காது. புகை இருக்காது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவான்.

பிராணவாயுவை அளக்கும் மீட்டரை எடுத்து வரும்வரை ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் மாய்கென் போயிருந்தாள். தூரே காத்திருக்கவில்லை. முதல் தட்டில் யாரோ விட்டுப்போன மண்வாரியை எடுக்க வேண்டும், ஒரு நிமிட வேலை. முப்பது வருடமாக இறங்கி ஏறுகிறவர்.

மாய்கென் வாக்கி டாக்கியில் தீயணைப்புக்காரர்களை அழைத்துவிட்டு, மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டாள். வெளியே எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

ஏழு சதவீதம். இருபத்தொன்று இருக்க வேண்டும்.

எஸ்கில் எழுந்து மறுபடியும் வந்தான்.

"விடு. அப்பா செத்துருவாரு."

"நீ எறங்குனா ரெண்டு பொணம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். திறப்பின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி அதன் மேலேயே நின்றுகொண்டாள்.

அவன் தள்ளினான். துறைமுகத்துக்கு வந்ததும் முதலில் நான் கற்றுக்கொண்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அவள் முகத்துக்கு நேரே சொன்னான். எச்சில் தெறித்தது. அவள் துடைக்கவில்லை, நகரவில்லை. கடைசியில் ஸ்டிக் பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தான். அவ்வளவு பெரிய ஆள், அழுதுகொண்டே பிடித்திருந்தான்.

எனக்கும் பொறுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கிவிடுகிறேன், அரை நிமிடம் போதும் என்று தெரிந்த வார்த்தைகளை வைத்துச் சொன்னேன். பதிலுக்கு அவள், வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் காற்றூதியின் குழாயை என் கையில் திணித்தாள். அவர் முகத்துக்கு நேராக இறக்கு, உன் தலை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும் என்று சைகையில் காட்டினாள்.

அவள் கால்களுக்கு நடுவே குப்புறப் படுத்துக் குழாயை இறக்கினேன். காற்றூதி அலறியது. குழாயின் வாய் தட்டில் மோதி அவர் தோளருகே போய் நின்றது. அவர் அசையவில்லை.

மாய்கென் ஒருமுறைகூடக் குனிந்து உள்ளே பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். நாலு நிமிடம் என்றாள். பிறகு ஐந்து என்றாள். இவள் உடம்பில் ஓடுவது ரத்தமா தண்ணீரா என்று நினைத்தேன்.

எட்டாவது நிமிடத்தில் எஸ்கில் திமிறுவதை நிறுத்திவிட்டான். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

பதினோராவது நிமிடம் தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்று உருளைகளோடு, கரையிலிருந்து கப்பலுக்குப் போட்ட பாலத்தில் ஏறி வந்தார்கள். அப்போதுதான் அவள் திறப்பிலிருந்து விலகினாள். ஓர் ஆள், வயது ஐம்பத்தெட்டு, ஐந்து மீட்டர் ஆழம், கருவி காட்டிய எண், விழுந்து எவ்வளவு நேரம். எதையும் விடாமல், தடுமாறாமல் சொன்னாள்.

இரண்டு பேர் இறங்கினார்கள். இடுப்பில் வார் கட்டி அவரை மேலே தூக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர்களில் ஒருத்தி மண்டியிட்டு முகமூடியை வைத்து அழுத்தினாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு இருக்கிறது என்றாள்.

ஸ்டிக் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டான்.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. கூட வர வீட்டு ஆள் ஒருவருக்குத்தான் இடம், கை முறிந்தவருக்கு வேறு வண்டி வருகிறது என்றார் அதிலிருந்தவர்.

எஸ்கில் கையை மார்போடு அணைத்தபடி நின்றான். விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன.

"அம்மா போகட்டும்," என்றான்.

அம்மா எங்கே என்று சுற்றிலும் தேடியது நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரும் அதற்குள் மாய்கெனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள்.