வளைந்த விரல்

சுரேகா குனிந்தாள். விசாலாக்ஷியின் கால்கள் சட்டென்று புடவைக்குள் போய்விட்டன.

குனிந்தவள் ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "வரேன் ஆயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவளை ஏரவாடாவில் அவள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிய மகன் ஹர்ஷா, ஸ்கூட்டர் சாவியை மேஜைமேல் எறிந்தான்.

"எப்ப வந்தாலும் இப்படித்தான் பண்றே. பெரியவா காலைத் தொடறது மராத்திக்காரா வழக்கம்மா. நம்மாத்துக்கு வரப்போறவ தொட்டா என்ன ஆயிடும்?"

"நான் என்னடா பண்ணினேன்?"

"காலை இழுத்துண்டே. அவ ஜாதியை நினைச்சுத்தானே? வழியெல்லாம் அழறாம்மா. உனக்கு இஷ்டமில்லேன்னா சொல்லிடு. கல்யாணம் ஆனதும் நாங்க தனியா போயிடறோம்."

விசாலாக்ஷிக்கு முகம் எரிந்தது. கணவர் போன பிறகு இந்த மராத்தி ஊரான லோஹேகாவில் அவளுக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். பதில் தேடினாள். பிறகு புடவையை விலக்கி வலது காலை நீட்டினாள்.

கட்டைவிரலின் அடியில் எலும்பு எலுமிச்சங்காய் போலப் புடைத்திருந்தது. விரல் சாய்ந்து பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது.

"இதைப் போய் அந்தப் பொண்ணு தொடணுமா? வெக்கமா இருக்குடா."

ஹர்ஷா தரையில் உட்கார்ந்துவிட்டான். "சொல்லக்கூடாதாம்மா? நான் பாட்டுக்கு என்னென்னவோ பேசிட்டேனே."

அவன் கண் கலங்கியதும் அவளுக்கு மனசு லேசாயிற்று. அதுதான் காரணம். வேறென்ன?

டாக்டர் இந்தியில் சொன்னதை ஹர்ஷா தமிழில் சொன்னான்.

"இதுக்கு பனியன்னு பேராம்."

"நீ போட்டுக்கறியே, அதுவா?"

"விளையாடாதேம்மா. எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ போடணுமாம். ஆறு வாரம் காலை ஊனக்கூடாது. வலி பொறுத்துக்கற மாதிரி இருந்தா பண்ணிக்கணும்னு கட்டாயம் இல்லையாம்."

"பண்ணிக்கறேன். உன் கல்யாணத்துக்குள்ள கால் நேராகட்டும்."

செய்தி கேட்டு சுரேகா ஓடிவந்தாள். யாரிடமோ கற்றுக்கொண்ட தமிழில், "நான் லீவு போடறேன். நான் சமைக்கறேன். நீங்க காலை மேலே வெச்சு உட்காரு" என்றாள்.

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்? தாபோடியிலேருந்து என் தங்கை வைஜயந்தி வரா."

"சித்திக்கே முழங்கால் வலி" என்றான் ஹர்ஷா. "அவளை யார் பாத்துக்கறது?"

"ரெண்டு நொண்டியும் ஒண்ணா இருந்துக்கறோம், போ."

ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. குளியலறையில் ஒரு ஸ்டூல். காலை உயர்த்தி வைக்க இரண்டு தலையணை. கட்டில் ஹாலுக்கு வந்தது. ஜன்னலோரம் போடலாம் என்றான் ஹர்ஷா. சமையலறை வாசல் தெரிகிற மாதிரி போடு என்றாள் விசாலாக்ஷி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுரேகா ஞாயிறு தவறாமல் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். வலிக்கிறதா, தூங்கினீர்களா என்று கேட்டாள். காலில் பெரிய கட்டு இருந்ததால் தொட்டுக் கும்பிடும் பேச்சே எழவில்லை. விசாலாக்ஷி நிம்மதியாகச் சிரித்துப் பேசினாள்.

தண்ணீர் எடுக்க சுரேகா எழுந்தால் மட்டும், "நீ உட்காரும்மா. வைஜயந்தீ, சுரேகாவுக்குத் தண்ணி கொண்டா" என்று குரல் கொடுத்தாள். வைஜயந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கட்டுப் பிரித்தார்கள். வீக்கம் வடிந்தது. விசாலாக்ஷி காலை வெளிச்சத்தில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நேராக, அழகாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஹர்ஷா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா சுரேகா? இனிமே அம்மா காலை ஒளிச்சுக்க வேண்டாம்."

சுரேகாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். குனிந்தாள்.

விசாலாக்ஷி காலை அசைக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தாள்.

கால்கள் புடவைக்குள் போய்விட்டன.

ஹர்ஷாவின் விரல்கள் பாதி உரித்த ஆரஞ்சில் நின்றன.

சுரேகா, கால்கள் இருந்த இடத்தில் தரையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.