இந்த வருஷம் எதிரணி

கூட்டம் கலைந்தபின் பூவழகி மேடையருகே போனாள். வரலாற்றின் மாபெரும் மனிதர் வென்றவரா, மன்னித்தவரா? போன வருஷத் திருவிழாவிலும் இதே பட்டிமன்றம்தான். அன்று மன்னித்தவர் பக்கம் பேசிய இளஞ்சேரன், பேச்சின் நடுவே அழுதார். மறுவாரம் அவள் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, தன் தம்பியை வெட்டிக் கொன்ற மாசானத்தை அடையாளம் தெரியவில்லை என்று சொன்னாள்.

இன்று இளஞ்சேரன் எதிரணியில் இருந்தார். "மன்னிச்சவன் மகானாம். செத்தவன்கிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றபோது அதேபோல் அழுதார். கைதட்டல் அடங்க நேரமானது.

"போன வருஷம் வேற மாதிரி சொன்னீங்களேய்யா."

"அப்போ அந்தப் பக்கம் குடுத்தாங்கம்மா. இப்போ இந்தப் பக்கம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எது நல்லாருந்துச்சு?"

அதற்குள் விழாக் குழுவின் பொன்னாடையோடு மாசானம் வந்தான். அவளைப் பார்த்ததும், விடுதலையான நாளிலிருந்து கேட்பதுபோலவே பணிவாகக் கேட்டான்.

"சாப்டாச்சாக்கா?"

எப்போதும் 'ஆச்சு தம்பி' என்பாள். இன்று 'ஆச்சு' வரைதான் வந்தது. பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி அவன் காத்து நின்றான்.