தலை பெருத்த மட்டை

வீட்டுக்காரர் ஏதோ திருட்டு வேலை பார்க்கிறார் என்று பல் டாக்டரின் மனைவிக்கு ஒரு வாரமாகவே சந்தேகம்.

இருக்காதா பின்னே? கிளப்பில் வருஷாவருஷம் நடக்கும் பழங்கால மட்டையால் மட்டுமே ஆட வேண்டிய டென்னிஸ் போட்டியில், முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வுகிற மனிதர் அவர். இந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டார்! எல்லாம் காயலான் கடையில் பொறுக்கிய, தலை பெருத்த ஒரு டென்னிஸ் மட்டையின் புண்ணியம். அந்த மட்டையோடு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காபி கொடுக்கப் போனவள் பார்த்தால், தரையில் கட்டம் போட்ட காகிதம், அதன்மேல் மட்டை, அவர் கையில் பென்சில். அவளைக் கண்டதும் எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் திருதிருவென்று முழித்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“ஒண்ணுமில்லம்மா, சும்மா அளந்து பார்த்தேன்.”

“ஆமா, நீங்க அளக்குற லட்சணத்தைத்தான் ஹால் ஜன்னல்ல தினம் பார்க்கிறேனே!”

ஹால் ஜன்னலுக்கு அளவெடுத்தவர் அவர்தான். அந்த அளவைக் கொடுத்துக் கடையில் தைத்து வாங்கிய கர்ட்டன் ஒரு அங்குலம் கட்டையாகத் தொங்கி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வீட்டை வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தது.

இறுதி ஆட்டத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து அதையே சொல்லிப் புலம்பினாள். பக்கத்தில் கிளப் செயலாளரின் மனைவி.

“எங்க வீட்ல மட்டும் என்ன வாழுது? இந்த ஆம்பளைங்களுக்கு ஒரு ஜன்னல் அளக்கத் துப்பில்ல. எங்க கர்ட்டனும் கட்டைதான்.”

மைதானத்தில் செயலாளர் வலை உயரத்தைச் சரிபார்க்கும் இரும்புக் கோலை வலையின் நடுவில் நிறுத்தி, “மூணடி, சரியா இருக்கு” என்றார். எதிராளியான பேங்க் மேனேஜர் உடனே கையைத் தூக்கினார்.

“ஒரு நிமிஷம்! டாக்டர் மட்டையை அளக்கணும். நூத்திப்பத்து சதுர அங்குலத்துக்கு மேல போகக்கூடாதுங்கிறது போட்டி விதி. மட்டையில நூத்திப்பத்துன்னுதான் எழுதியிருக்கு. ஆனா தலையப் பாருங்க, சல்லடை மாதிரி இருக்கு!”

டாக்டர் மனைவியின் கண்முன் பின்னறையும் பென்சிலும் வந்து நின்றன.

அளப்பது யார்? எல்லோரும், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க் கர்ட்டன் கடைக்காரரைப் பார்த்தார்கள். எப்போதும் சிரித்த முகம், எந்தக் கட்சியும் இல்லாத மனிதர், எந்நேரமும் கழுத்தில் ஒரு இஞ்சு டேப். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று கிளப்பில் கேலி பேசுவார்கள். சந்தோஷமாக எழுந்து வந்து மட்டையின் உள்விளிம்பில் டேப்பை வைத்தார்.

“நீளம் பதினாலு. அகலம் பதினொண்ணு.”

செயலாளர் போனில் நீள்வட்டக் கணக்குப் போட்டார். “ஐயையோ, நூத்தி இருபத்தொண்ணு!”

“பல்லுல இருக்கிற ஓட்டையை அடைக்கிறவர்னு நினைச்சேன், விதியிலேயே ஓட்டை போட்டுட்டாரே!” என்றார் மேனேஜர். மைதானமே சிரித்தது.

செயலாளர் சிரிக்கவில்லை. “இது மோசடி டாக்டர். உங்களைக் கிளப்பை விட்டே நீக்கணும்.”

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. “சார், சத்தியமா இல்ல! நான் வீட்ல கட்டம் போட்ட பேப்பர்ல வரைஞ்சு எண்ணிப் பார்த்தேன். நூத்தி ரெண்டுதான் வந்துச்சு. அந்தக் காலத்துல கம்பெனிக்காரங்க பெரிய தலைன்னு பீத்திக்க, இருக்கிறதைவிடக் கூட்டித்தான் போடுவாங்க. குறைச்சு எவனாவது போடுவானா?” பிறகு மனைவியைப் பார்த்து, பாவமாக, “இதுவும் சின்னதுன்னு தெரிஞ்சா நீ சிரிப்பேன்னுதாம்மா ஒளிச்சு வெச்சேன்” என்றார்.

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான நாளிலிருந்து முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறார்.

விருட்டென்று எழுந்தாள். “அப்ப மேனேஜர் சார் மட்டையையும் அளங்க!”

“தாராளமா!” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீட்டினார் மேனேஜர். அளந்தார்கள். நூற்றுப் பதினெட்டு.

“என் மட்டையா? நான் ஒண்ணும் பண்ணலையே!” மேனேஜரின் குரல் கீச்சென்று ஆகிவிட்டது. அரையிறுதியில் தோற்றவர்களின் மட்டைகளையும் கொண்டுவந்து அளந்தார்கள். ஒன்றுவிடாமல் எல்லாமே நூற்றுப்பத்தைத் தாண்டின.

“கிளப் பூரா கேடிப் பசங்களா?” என்று தலையில் கைவைத்துக்கொண்டார் செயலாளர். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். டாக்டரும் மேனேஜரும் தத்தம் மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டாக்டரின் மனைவி மட்டும் கத்தவில்லை. எல்லா மட்டையுமா பெருத்துப் போகும்? நேராக மைதானத்துக்குள் இறங்கி, வலையோரம் கிடந்த இரும்புக் கோலை எடுத்தாள்.

“அண்ணே, அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க.”

“கடையில ஆளில்லம்மா, நான் கிளம்பணும்...”

அவர் சொல்லி முடிப்பதற்குள் டேப் அவள் கைக்கு வந்துவிட்டது. கோலின்மேல் நீட்டிப் பிடித்தாள். மூன்றடிக் கோல், டேப்பில் முப்பத்தேழு அங்குலம் காட்டியது. டேப்பின் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது, தையலும் கச்சிதம். ஆனால் முதல் அங்குலமே வெட்டுப்பட்டு, ஒன்று என்ற எண்ணைக் காணோம். எடுத்த எடுப்பில் இரண்டு என்று ஆரம்பித்தது.

முன்வரிசையில் செயலாளரின் மனைவி மெதுவாக எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல மனைவிகள் எழுந்தார்கள். கர்ட்டன் கடைக்காரரின் சிரித்த முகம் முதல்முறையாக வாசல் எங்கே என்று தேடியது.

“ஏங்க,” என்று கணவரைக் கூப்பிட்டாள் டாக்டரின் மனைவி, “நம்ம ஜன்னலை நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க!”