பகலில் மட்டும் வரும் அழைப்பு

1998 ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில், பல்கலைக்கழகக் கணினி மையம் தொலைபேசி லைன் வழியே தரும் டயல்-அப் இணைய இணைப்பை யாரோ வெளியே விற்கிறார்கள் என்ற முடிவுக்குப் பதிவாளர் வந்தார்.

வளாகத்து ஆட்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் தொலைபேசித் துறை அந்த லைன்களைச் சலுகையில் தந்திருந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் தோட்ட வேலை பார்ப்பவர்களும் கட்டுப்படியாகும் விலையில் இருந்த இடத்திலிருந்தே இணையம் பார்த்தது அதனால்தான். வெளியாள் நுழைந்தது தெரிந்தால் சலுகை போய்விடும். அப்புறம் திட்டத்துக்கே மூடுவிழா.

"சாயங்காலத்துக்குள்ள ஆளைப் பிடிங்க. இல்லைன்னா எல்லா லைனையும் நானே பிடுங்கிடுவேன்" என்றார் பதிவாளர். அது பக்கத்துக் கட்டடம் வரை கேட்டது.

கேட்டுக்கொண்டு நின்றவர் மையத்தின் பொறியாளர். நாள் முழுக்க மோடம்களோடு மல்லுக்கட்டுவதால் மாணவர்கள் அவருக்கு 'மோடம் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தக் கணக்கிலிருந்து கோளாறு என்பது அவருக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

அது புள்ளியியல் விரிவுரையாளரின் கணக்கு. இந்தத் திட்டம் வந்ததே அவர் போட்ட சண்டையில்தான். காசிருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமா இணையம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்டவர் அவர். நீண்ட விடுப்பு முடிந்து இந்தப் பருவத்தில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். விசித்திர அழைப்புகளும் அதே வாரத்தில்தான் ஆரம்பித்தன.

அழைப்பு வரும். இணைப்பு சேர்ந்த உடனே துண்டிக்கப்படும். மறுபடி வரும், மறுபடி துண்டிக்கப்படும். ஒரு பக்கம்கூடத் திறந்து பார்த்ததில்லை. சில சமயம் இப்படி வரிசையாக நடந்துவிட்டு, பிறகு வெகுநேரம் சத்தமே இருக்காது. அதற்குள் லைன் கிடைக்காத மாணவர்கள் மையத்தின் வாசலில் வந்து நிற்பார்கள்.

வாங்க வந்தவனுக்கு இணைப்பு வேலை செய்கிறது என்று காட்டுகிறான், வேறென்ன என்றார் பதிவாளர்.

இன்னொன்றும் மோடம் அக்காவை உறுத்தியது. எல்லாம் விரிவுரையாளர் வகுப்பில் இருக்கும் நேரத்தில்தான் நடந்தது. மதியம் மணி அடித்ததும் அவர் வீட்டுக்கு ஓடுவார். அவர் வீட்டில் இருக்கும்வரை ஓர் அழைப்புகூட வராது. அப்படியானால் அவருக்குத் தெரியாமல் யாரோ செய்கிறார்கள். பகலில் அந்த வீட்டில் இருக்கும் பெரிய ஆள் ஒருவர்தான், பத்திரிகை அலுவலகத்தில் இரவு வேலை பார்க்கும் கணவர்.

மோடம் அக்கா நடைபாதையில் விரிவுரையாளரை மடக்கி, பட்டும் படாமலும் விசாரித்தார். "உங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் பக்கம் போவாராப்பா?"

விரிவுரையாளர் சிரித்துவிட்டார். "அவரா? ராத்திரி பூரா பிழை திருத்திட்டு வர்ற மனுஷன் அக்கா. பகல்ல எழுத்தைப் பார்த்தாலே தலைவலின்னு படுத்துக்குவார். பாஸ்வேர்டுகூட நான்தான் உள்ளேயே போட்டு வெச்சிருக்கேன். ஒரு பட்டனைத் தட்டினா போதும், அதுவா டயல் பண்ணும்."

சொல்லி முடித்ததும்தான் கேள்வியின் பொருள் அவருக்கு உறைத்தது. முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. அதற்குள் பதிவாளரும் வந்து சேர்ந்துவிட்டார். விஷயத்தை மறைக்க வழியில்லாமல் போனது.

மூவருமாக ஆசிரியர் குடியிருப்புக்கு நடந்தார்கள். பதிவாளர் வழியெல்லாம், நம்பிக்கைத் துரோகம் என்பதற்கு விதிகளில் என்னென்ன தண்டனை உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு வாசல்படியில் விரிவுரையாளர் நின்றார்.

"அவர் அப்படிச் செஞ்சிருந்தா என் கணக்கை வெட்டிடுங்க சார். பசங்க லைன்ல மட்டும் கை வெச்சுடாதீங்க."

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பதிவாளர் ஷூவைக்கூடக் கழற்றாமல் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பெண்கள் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். விரிவுரையாளருக்குச் செருப்பைக் கழற்றக் கை வரவில்லை. உள்ளறையிலிருந்து மோடத்தின் சத்தம் தெளிவாகக் கேட்டது. முதலில் எண்களைத் தட்டும் ஒலி, பிறகு நீண்ட விசில், பிறகு மணலைச் சலிப்பதுபோல ஓர் இரைச்சல். இணைப்பு சேர்ந்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடியும் எண்களைத் தட்டும் ஒலி.

கையும் களவுமாக ஆள் அகப்பட்டாயிற்று. மோடம் அக்கா விரிவுரையாளரின் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பதிவாளரின் குரல் வெடிக்கப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

வெடிக்கவில்லை. கணவர் ஏதோ கிசுகிசுப்பது மட்டும் கேட்டது.

சற்று நேரத்தில் பதிவாளர் நுனிக்காலில் நடந்து வெளியே வந்தார். ஷூ இரண்டும் அவர் கையில் இருந்தன.

"மெதுவா பேசுங்கம்மா" என்றார், காற்றில் கலந்துவிடும் குரலில். "மோடம் கத்தினாத்தான் உங்க பாப்பா தூங்குதாம். லைனை வெட்ட வேண்டாம்."